ரசத், சப்ளை, வரத்து

அக்கா மகள் ஆர்.கே. புரத்திலிருந்து போன ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தாள். கையில் ஒரு இந்திப் புத்தகம், ஸ்பெயின் உள்நாட்டுப் போர் பற்றியது. "மாமா, இதுல ரசத் காட்னான்னு போட்டிருக்கு. ரசத்தை எப்படி வெட்டுவாங்க?" என்று கேட்டாள். தமிழ் வகுப்புக்கு அதை வைத்து அரைப்பக்கம் எழுத வேண்டுமாம். நோட்டில் முதலில் 'சப்ளை லைன்' என்று எழுதி அடித்திருந்தாள். மேலே 'விநியோகப் பாதை' என்று எழுதி, அதற்கும் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள். அந்தக் கேள்விக்குறி எனக்கு ரொம்பப் பிடித்தது.

ரசத் என்பது படைக்கோ ஊருக்கோ வந்து சேரும் தானியம், தீவனம், மருந்து, தளவாடம் எல்லாவற்றுக்கும் இந்தியிலும் உருதுவிலும் உள்ள சொல். பாரசீகத்திலிருந்து வந்தது. அங்கே 'ரசீதன்' என்ற வினைக்கு வந்து சேர்தல் என்று பொருள். 'ரசத்' என்றால் வந்து சேர்கிறது, 'ரசீத்' என்றால் வந்து சேர்ந்தது. இந்த இரண்டாவதுதான் நாம் தினமும் சொல்லும் ரசீது: பணமோ சரக்கோ வந்து சேர்ந்தது என்பதற்கான சீட்டு. அண்ணன் தம்பியில் ஒருவர் மட்டும் தமிழில் குடியேறி நம் வீட்டு ஆளாகவே ஆகிவிட்டார்.

சப்ளைக்கு லத்தீன் வேர். அதன் பொருள் குறைந்ததை நிரப்புதல். விநியோகம் வடசொல். இன்னின்ன பங்கு இன்னின்னாருக்கு என்று பிரித்துக் கொடுப்பதற்குத்தான் தமிழில் அது பழகியிருக்கிறது. கோயிலில் பிரசாத விநியோகம், ரேஷன் கடைக்குப் பொது விநியோகத் திட்டம். கையில் இருப்பதைக் கொடுப்பவர் நிற்கும் இடத்திலிருந்து பார்க்கும் சொல் அது. முற்றுகையில் மதிலுக்குள் அகப்பட்டவர் பிரித்துக் கொடுப்பதையா எதிர்பார்க்கிறார்? வெளியிலிருந்து ஏதாவது வந்து சேருமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அதற்குத் தமிழில் சொல் இருக்கிறது, வரத்து. வரு என்பதன் வழி வந்தது. 'கோயம்பேட்டுக்குத் தக்காளி வரத்து குறைந்தது' என்று செய்தித்தாளில் படிக்கிறோம். அணைக்கு நீர்வரத்து, ஏரிக்கு வரத்துக்கால். போக்குவரத்தில் பாதி இந்த வரத்துதான். எங்கள் தெருவில் தள்ளுவண்டிக்காரர் தை மாதக் குளிரில் பட்டாணி விலையை ஏற்றினால், "ஆவக் கம் ஹை, பாயி சாப்" என்பார், வரத்து குறைவு அண்ணா என்று. டெல்லியின் பெரிய காய்கறிச் சந்தையான ஆசாத்பூர் மண்டியில் சரக்கு வருவதற்கு ஆவக் என்றுதான் பெயர், வருதல் என்று பொருள்படும் 'ஆனா' என்ற வினையிலிருந்து வந்தது. வேறு வேறு மொழிகள் ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன.

சரி, அவள் புத்தகத்துக்கு, ஸ்பெயினின் தலைநகர் மாட்ரிட்டுக்கு வருவோம். 1936 நவம்பரில், குடியரசை எதிர்த்துக் கிளம்பிய தளபதி பிராங்கோவின் படை நேராக நகருக்குள் நுழையப் பார்த்து முடியாமல் போனது. குடியரசு அரசாங்கம் அதற்குள் வலென்சியாவுக்கு இடம் மாறியிருந்தது. கிழக்கே அந்த வலென்சியா சாலைதான் மாட்ரிட்டின் பெரிய வரத்துக்கால். அதை அறுக்க, 1937 பிப்ரவரி 6 அன்று நகரின் தென்கிழக்கே ஹராமா ஆற்றை நோக்கித் தாக்குதல் தொடங்கியது. 11ஆம் தேதி பிராங்கோவின் ஆட்கள் பிந்தோக்கே ரயில் பாலத்தின் காவலர்களைச் சத்தமில்லாமல் கொன்று ஆற்றைக் கடந்தார்கள். மறுநாள் அவர்களைத் தடுக்க, குடியரசின் பக்கம் நின்று போன பிரிட்டிஷ் தொண்டர் படையில் சுமார் 600 பேர். பொழுது சாயும்போது நிற்கும் நிலையில் இருந்தவர்கள் 225க்கும் குறைவு. மாத இறுதியில் இரண்டு பக்கமும் களைத்துப் போய் பதுங்குகுழிகளில் உட்கார்ந்தன. ஆற்றைக் கடந்தவர்களால் சாலையைக் கைப்பற்ற முடியவில்லை.

மாட்ரிட் விழுந்தது 1939 மார்ச் 28 அன்று. அதுவரை சாலை இருந்தும் வரத்து மெலிந்துகொண்டே போனது. மசூர்ப் பருப்பே திரும்பத் திரும்பத் தட்டில் விழுந்ததால், மருத்துவராக இருந்து பிரதமரான நெக்ரினின் பெயரால் மக்கள் அதை 'டாக்டர் நெக்ரின் மாத்திரை' என்றார்கள். ஆகவே பாதை வேறு, வரத்து வேறு. பாதை திறந்திருந்தும் வரத்து நின்றுபோகலாம். நோட்டில் அவளை இரண்டையும் பிரித்தே எழுதச் சொன்னேன்.

முற்றுகை என்ற சொல்லும் பழையதே. முற்று என்றால் சூழ்ந்து வளைத்தல். 'முழுமுதல் அரணம் முற்றலும் கோடலும்' என்று, கோட்டையை வளைக்கும் போரைப் பற்றிய உழிஞைத் திணைக்குத் தொல்காப்பியம் இலக்கணம் சொல்கிறது. புறநானூற்றின் 44, 45ஆம் பாட்டுகள் பிறந்த சூழலும் முற்றுகைதான், அதுவும் சோழர் குடிக்குள் நடந்த போர். நலங்கிள்ளியின் படை முற்றியிருக்கிறது, நெடுங்கிள்ளி கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கிறான். முற்றியிருந்தான், அடைத்திருந்தான் என்று இரண்டு பக்கத்துக்கும் இரண்டு சொல் பாட்டின் பழங்குறிப்பிலேயே இருப்பதைப் பாருங்கள். 44ஆம் பாட்டில், நெடுங்கிள்ளி அடைத்திருந்த ஆவூருக்குள் புலவர் கோவூர் கிழார் காட்டுவதெல்லாம் வரத்து நின்ற ஊர். யானைக்கு நெய் பிசைந்த கவளம் கிடையாது. 'பாலில் குழவி அலறவும்' என்கிறார், பால் இல்லாமல் குழந்தை அலறுகிறது. பெண்கள் பூ இல்லாத வெறுந்தலையை முடிந்துகொள்கிறார்கள். பாலும் பூவும் அன்றன்றைக்கு வந்தாக வேண்டியவை, சேர்த்து வைக்க முடியாதவை. அதனால் முதலில் தீர்வதும் அவைதான். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

முற்றியிருப்பவனுக்கும் வரத்து வேண்டும். 1857இல் டெல்லி மதிலுக்கு வெளியே இருந்த ஆங்கிலப் படைக்கு பெரோஸ்பூரிலிருந்து பெரிய பீரங்கிகள் வந்துகொண்டிருந்தன. அவற்றை வழிமறிக்கக் கிளம்பிய சிப்பாய்ப் படையை ஆங்கிலத் தளபதி நிக்கல்சன் ஆகஸ்ட் 25 அன்று நஜஃப்கரில் முறியடித்தார். இன்று மெட்ரோ நிற்கும் அதே நஜஃப்கர். பீரங்கிகள் வந்து சேர்ந்தன. செப்டம்பரில் மதில் உடைந்தது.

அப்புறம், எழுதும் முறை. சப்ளை என்று வரும் இடத்தில் வரத்து, சப்ளை லைனுக்கு வரத்துவழி. பின்னதை வரத்துக்கால் போல நான் சேர்த்துக்கொண்டது, அகராதியில் தேட வேண்டாம். வரத்தை மறித்தார்கள், வரத்து நின்றது, வரத்துவழியை அறுத்தார்கள் என்றெல்லாம் வினைகள் இயல்பாகப் பொருந்துகின்றன. கிடங்கில் இருப்பதைப் பங்கிடும்போது மட்டும் விநியோகம் இருக்கட்டும்.

அவள் நோட்டில் கடைசியாக நின்ற வரி: 'மாட்ரிட்டின் வரத்துவழியை அறுக்க 1937 பிப்ரவரியில் ஹராமா ஆற்றங்கரையில் போர் நடந்தது.' கேள்விக்குறியை ரப்பர் வைத்து அழித்துவிட்டாள்.