அம்பாசிடருக்குள் ஒரு தகரத் தவளை

மதுரையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். எண்பதுகளில் அவருடைய அப்பா வாங்கிய அம்பாசிடர் இன்றும் ஓட்டத்தில் இருக்கிறதாம். நான்கு வழிச் சாலையில் திருச்சி வரை போய்வந்தாலும் ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் ஊருக்குள் வந்து கோரிப்பாளையம் நெரிசலில் பத்து நிமிடம் நின்றால் போதும், டெம்பரேச்சர் முள் மேலே ஏறிவிடுகிறது. மெக்கானிக் எலெக்ட்ரிக் ஃபேன் மாட்டச் சொல்கிறார். சித்தப்பா, “கம்பெனிக்காரன் போட்டதுல கை வைக்காதே” என்கிறார். “ஓடும்போது சூடாகாத வண்டி நிக்கும்போது ஏன் சார் சூடாகுது?” என்பது அவர் கேள்வி.

இன்ஜின் எரிக்கும் பெட்ரோலில் ஏறக்குறைய கால் பங்கு ஆற்றல்தான் வண்டியை நகர்த்துகிறது. மிச்சமெல்லாம் வெப்பம். அதில் ஒரு பெரும் பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும். இன்னொரு பெரும் பகுதியைத் தண்ணீர் சுமந்துவந்து ரேடியேட்டரில் காற்றிடம் ஒப்படைக்கிறது. இது பள்ளிப் பாடம்தான். காற்று எங்கிருந்து வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும்போது நொடிக்கு பதினாறு, பதினேழு மீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று முன்கிரில்லில் மோதுகிறது. அப்போது ஃபேனே தேவையில்லை. நின்றுவிட்டால் ஃபேனைத் தவிர வேறு கதியில்லை.

அம்பாசிடரின் ஃபேன் வாட்டர் பம்ப்பின் முனையில் இருக்கிறது. அதைச் சுற்றுவது இன்ஜினிலிருந்து வரும் பெல்ட். இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது ஃபேனும் வெறிகொண்டு சுற்றும். சிக்னலில் 750-க்கு இறங்கினால் ஃபேனும் கால் பங்காகிவிடும். காற்று தேவைப்படாத நேரத்தில் அள்ளிக் கொட்டுகிறது, தேவைப்படும் நேரத்தில் சோர்ந்துவிடுகிறது. இதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. ஃபேன் நான்கு மடங்கு வேகமாகச் சுற்றினால் தள்ளும் காற்று நான்கு மடங்கு, அந்தக் காற்றின் வேகமும் நான்கு மடங்கு. வேகத்தின் வர்க்கத்தை அளவோடு பெருக்கினால், அதற்கு இன்ஜின் கொடுக்கும் சக்தி 64 மடங்கு! பெட்ரோல் வீணாகப் போகும் வழிகளில் இதுவும் ஒன்று. இந்த வண்டியின் மூல வடிவம் பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை கார். 1957 வாக்கில் அது வங்காளத்தின் உத்தரபாராவுக்கு வந்து அம்பாசிடர் ஆனது. ஆக்ஸ்ஃபோர்டு ஊரின் குளிரில் அந்த ஃபேன் போதும். கத்தரி வெயிலில் சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் மதுரைக்குப் போதாது. சித்தப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

எலெக்ட்ரிக் ஃபேனுக்கு இன்ஜின் வேகத்தோடு சம்பந்தமில்லை. நின்றாலும் ஓடினாலும் ஒரே வேகம். ஆனால் எப்போது சுற்ற வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று அதற்கு யார் சொல்வது? இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததே இந்த இடத்துக்காகத்தான்.

ரேடியேட்டரில் அல்லது மேல் ஹோஸில் திருகப்படும் பித்தளை ஸ்விட்ச் ஒன்று இருக்கிறது. நெல்லிக்காய் அளவுதான். உள்ளே பேட்டரி இல்லை, சிப் இல்லை. ஒரு சிறு உலோக வட்டு மட்டும், ஆழமில்லாத கிண்ணம் போல லேசாகக் குழித்தது. திருவிழாக் கடைகளில் தகரத் தவளை விற்பார்களே, அடியில் கட்டைவிரலால் அமுக்கினால் ‘டிக்’, விட்டால் ‘டக்’ என்று கத்தும். கிட்டத்தட்ட அதே தகடுதான். விரலுக்குப் பதிலாக இதை அமுக்குவது வெப்பம்.

அந்த வட்டு ஒரே உலோகம் அல்ல. இரண்டு உலோகங்களை ஒன்றாக ஒட்டவைத்தது. ஒன்று சூட்டில் நன்றாக விரியும், பித்தளை மாதிரி. மற்றது விரியவே மறுக்கும், இன்வார் மாதிரி. இன்வார் என்பது இரும்பும் நிக்கலும் கலந்த கலவை. அதைக் கண்டுபிடித்த சார்லஸ் எட்வர்ட் கியோமுக்கு 1920-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நன்றாக விரியும் உலோகம் கிண்ணத்தின் உட்புறம் இருக்கும். சூடேறினால் அது பெரிதாகி வெளிப்புறத்துக்கு வரத் துடிக்கும். அதாவது கிண்ணம் கவிழ வேண்டும். ஆனால் கவிழ வேண்டுமானால் நடுவில் ஒருமுறை தட்டையாக வேண்டும். தட்டையாவதற்கு அதன் விளிம்பு இடம் கொடுக்காது. அதனால் 70 டிகிரியிலும் அசையாது, 80-லும் அசையாது. உள்ளுக்குள் இறுக்கம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். 92 டிகிரியில் விளிம்பு தோற்றுவிடும். ‘டிக்!’ ஒரே நொடியில் கிண்ணம் கவிழ்ந்து, மின்தொடர்பை இணைத்துவிடும். ஃபேன் சுற்றத் தொடங்கும்.

இதில் எத்தனை விரிவு வேலை செய்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வட்டின் அகலம் 10 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 30 டிகிரியிலிருந்து 92 வரை ஏறும்போது இரண்டு உலோகங்களுக்கும் இடையே வரும் வித்தியாசம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. தலைமுடியின் பருமனில் ஏழில் ஒன்று! அந்த அற்ப வித்தியாசம்தான் ஒரு ஃபேனை எழுப்புகிறது.

கவிழ்ந்த கிண்ணம் திரும்ப நிமிரவும் அதே தடையைத் தாண்ட வேண்டும். ஆகவே 92-க்குச் சற்றுக் கீழே வந்த உடனே அது மனம் மாறாது. 87 வரை ஆறினால்தான் ‘டக்’ என்று பழைய நிலைக்கு வரும். இந்த 5 டிகிரி இடைவெளி இல்லாவிட்டால் ஃபேன் நொடிக்கு நொடி விட்டு விட்டு ஓடும். சட்டென்று குதிப்பதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. தொடர்பு மெல்ல மெல்லப் பிரிந்தால் நடுவில் தீப்பொறி பறந்து முனைகளைத் தின்றுவிடும்; குதித்துப் பிரிந்தால் பொறிக்கு நேரமே இல்லை.

இந்தக் குதிக்கும் வட்டை உருவாக்கியவர் அமெரிக்காவின் ஜான் ஸ்பென்சர். மெய்ன் மாநிலத்து மர ஆலை ஒன்றில் இளம் வயதில் கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தவர். சூடேறினால் அதன் இரும்புக் கதவு டம்மென்று ஒருபக்கம் புடைக்கும், ஆறினால் டம்மென்று திரும்பும். எல்லோர் காதிலும்தான் விழுந்திருக்கும் அந்தச் சத்தம். யோசித்துப் பார்த்தவர் அவர். இந்த வட்டைப் போலவே இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஈருலோகப் பட்டை, நம் பள்ளி ஆய்வகங்களில் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கிறது. படம் வரைந்து பாகம் குறித்து மதிப்பெண் வாங்குவதோடு சரி. ஒரு மெழுகுவர்த்தியும் ஒரு பட்டையும் ஒவ்வொரு பிள்ளை கைக்கும் கொடுக்க எவ்வளவு பணம் ஆகிவிடும்? இந்தச் செலவை யாராவது மிச்சம் பிடிப்பதைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

நான் ஸ்விட்ச் வாங்கினால் வண்டியில் மாட்டுவதற்கு முன் அடுப்பில்தான் வைப்பேன். ஒரு சின்னப் பாத்திரத்தில் தண்ணீர், கம்பியில் கட்டித் தொங்கவிட்ட ஸ்விட்ச், பக்கத்தில் தெர்மாமீட்டர், மல்ட்டிமீட்டரின் இரண்டு முனைகள். கடைசியாகச் சோதித்தது 91-இல் கத்தியது. அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருந்தால் 86-இல் மறுபடி. பாத்திரத்தின் மேல் காதை வைத்துக் கேட்டால் தவளைக் குரல் தெளிவாகக் கேட்கும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்ஜினுக்குள் தெர்மோஸ்டாட் என்று ஒரு வால்வு இருக்கிறது; தண்ணீர் போதிய சூடாகும்வரை அதை ரேடியேட்டருக்கு விடாது. அது 82 டிகிரியில் திறக்கத் தொடங்குவதாக இருந்தால், ஃபேன் ஸ்விட்ச் அதைவிடச் சூடான எண்ணில் இருக்க வேண்டும். 75-இலேயே ஃபேனை ஓடவிடும் ஸ்விட்ச்சைப் போட்டால் ஃபேன் நிற்கவே நிற்காது. “நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட்டே வேண்டாம், கழற்றி எறிஞ்சிடுங்க” என்று பல பட்டறைகளில் சொல்வார்கள். என் வண்டியிலும் ஒரு பட்டறையில் என்னைக் கேட்காமலே கழற்றிவிட்டார்கள். அந்த வருடம் மைலேஜ் குறைந்தது, ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் போல ஈரப் பிசுக்கு படிந்தது. இது எலுமிச்சை, மிளகாய் கட்டுவதைவிட மோசமான மூடநம்பிக்கை என்பேன். எலுமிச்சை இன்ஜினைத் தேய்ப்பதில்லை. சூடாகாத இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, ஆயிலில் சேரும் ஈரம் போகாது, சிலிண்டர் தேயும்.

இனி மின்சாரம். நடுத்தர ஃபேன் ஒன்று 10 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். கிளம்பும் நொடியில் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. ஆகவே ஸ்விட்ச் ஒரு ரிலேயை, அதாவது சிறு கரன்ட்டால் பெரிய கரன்ட்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்சை, மட்டும் இயக்கட்டும், ஃபேனின் கரன்ட் பியூஸ் வழியாக ரிலேக்குள் போகட்டும். உங்கள் வண்டியில் பேட்டரியைச் சார்ஜ் செய்வது பழைய டைனமோ என்றால் அங்கே ஒரு சிக்கல். லூகாஸ் சி40 போன்ற டைனமோ முழு வேகத்திலேயே 22 ஆம்பியர்தான் தரும். வண்டி நிற்க இன்ஜின் மட்டும் மெதுவாகச் சுற்றும் ஐடிலில் ஏறக்குறைய ஒன்றும் தராது. நிற்கும்போது டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு மினுங்குகிறதே, அது இதைத்தான் சொல்கிறது. ஃபேன் வேண்டிய அதே நேரத்தில் பேட்டரி காலியாகும். முதலில் ஐடிலிலும் கரன்ட் தரும் ஆல்டர்னேட்டர், பிறகு ஃபேன். வண்டி இன்னும் பழையது என்றால் பேட்டரியின் எந்த முனை பாடியில் எர்த் ஆகியிருக்கிறது என்றும் பாருங்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். அது தெரியாமல் ஒயர் கொடுத்தால் ஃபேன் தலைகீழாகச் சுற்றி, எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டும். மாட்டியதும் ஒரு காகிதத்தை கிரில் முன்னால் பிடியுங்கள். உள்ளே ஒட்டிக்கொண்டால் திசை சரி.

ரேடியேட்டருக்குப் பின்னால் இடமிருந்தால் அங்கே மாட்டுவதே நல்லது. முன்னால் வைத்தால் ஓடும்போது வரும் காற்றை அதுவே மறைக்கும். பழைய ஃபேனைக் கழற்றினாலும் பெல்ட்டைக் கழற்ற முடியாது, வாட்டர் பம்ப்பைச் சுற்றுவது அதுதான். அந்த ஃபேனையும் அதன் போல்ட்டுகளையும் ஒரு சாக்கில் சுற்றி டிக்கியில் போட்டு வையுங்கள். வழியில் ரிலே போய்விட்டால், ஒரு ஸ்பானரோடு சித்தப்பா சொன்ன நிலைக்கே வண்டியைத் திருப்பி வீடு சேர்ந்துவிடலாம்.