விபத்தே நடக்காத சாலை பாதுகாப்பானதா?

கிராமப்புறச் சாலையில் எந்த இடம் பாதசாரிகளுக்கு ஆபத்தானது? விபத்துப் பதிவேட்டை எடுத்து எண்ணினால் தெரிந்துவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் இந்தச் சாலைகளில் அந்த வழி காலை வாரிவிடும். ஒரு கிலோமீட்டர் துண்டுகளாகப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலான துண்டுகளுக்கு நேரே பூஜ்யம்தான் இருக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 1,000 துண்டுகள், எல்லாவற்றிலும் ஆபத்து ஒரே அளவு, மூன்று ஆண்டுக்குச் சராசரியாக 0.2 விபத்து என்று வைத்துக்கொள்வோம். தற்செயலான நிகழ்வு எத்தனை முறை நடக்கும் என்று கணிக்கும் பாய்சான் பரவலின்படி சுமார் 819 துண்டுகளில் எதுவும் நடக்காது. 164 துண்டுகளில் ஒரு விபத்து. மீதி 17 துண்டுகளில் இரண்டோ அதற்கு மேலோ. வெறும் தற்செயல்தான், ஆனாலும் அந்த 17 இடங்களில்தான் எச்சரிக்கைப் பலகை நடுவார்கள். அடுத்த மூன்று ஆண்டில் அங்கே விபத்து தானாகவே குறையும், பலகைக்கு நல்ல பெயர் கிடைக்கும்!

சரி, நிஜத்தில் எல்லாத் துண்டும் ஒன்றுபோல இருக்காதே. ஓரமாக நடக்க இடம், இரவு வெளிச்சம், வளைவு, வண்டிகளின் வேகம் எல்லாம் மாறும். அதனால் எண்ணிக்கைகள் பாய்சான் கணக்கைவிட அதிகமாகச் சிதறும். இங்கே எதிர்மறை ஈருறுப்புப் பரவல் (negative binomial) என்ற இன்னொரு கணக்கு கைகொடுக்கிறது. கூடுதல் சிதறலுக்கு அதில் தனி அளவு உண்டு.

அந்த அளவு இன்னொரு வேலையும் செய்கிறது. ஒரு துண்டில் இரண்டு விபத்து பதிவாகியிருக்கிறது. அதே அமைப்புள்ள சாலைகளை வைத்து உருவாக்கிய கணித மாதிரி (model) எதிர்பார்ப்பதோ 0.6. எதை நம்புவது? இரண்டையும் கலக்க வேண்டும். சிதறல் அளவு 1 என்றால் மாதிரிக்கான எடை 1/(1 + 1×0.6), அதாவது 0.625, பதிவுக்கு மீதி 0.375. விடை சுமார் 1.1. பூஜ்யம் பதிவான துண்டுக்கும் இதே முறைதான். அதற்கு விடை ஏறக்குறைய 0.4 வரும், பூஜ்யம் வராது.

பூஜ்யங்கள் மிகுந்தால் 'விபத்தே நடக்க முடியாத சாலை' என்று ஒரு வகையைச் சேர்த்துக்கொள்ளும் மாதிரிகளும் உண்டு. எண்களோடு அழகாகப் பொருந்தும். ஆனால் வண்டியும் ஆளும் போகும் சாலையில் அப்படி ஒரு நிலை எங்கிருந்து வரும்? எனக்கு ஒப்பவில்லை.

பெரிய சிக்கல் வேறு. வண்டிகளை எண்ணுகிறார்கள், நடப்பவர்களைப் பெரும்பாலும் எண்ணுவதில்லை. மக்கள்தொகை, பள்ளிக்கூடத்துக்கு உள்ள தூரம், பேருந்து நிறுத்தம் என்று சுற்றி வளைத்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே பேருந்து நிறுத்தத்தருகே ஆபத்து அதிகம் என்று மாதிரி சொன்னால் நிறுத்தத்தைக் குற்றம் சொல்ல அவசரப்பட வேண்டாம். அங்கே ஆட்கள் நடக்கிறார்கள் என்பதையே அந்த எண் காட்டிக்கொண்டிருக்கலாம்.