வாசல் அதே, கோலம் வேறு

ஆண்டுத் தொடக்கத்தில் நம்மில் பலர் ஒரு பட்டியல் போடுகிறோம். காலையில் நடை, பத்து நிமிடம் தியானம், படுக்கும் முன் நாட்குறிப்பு, வாரம் ஒருமுறை எண்ணெய்க் குளியல். எல்லாம் நமக்கு நாமே செய்துகொள்ள நினைக்கும் நல்ல காரியங்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் பொங்கல் தாண்டுவதற்குள் அவை வீட்டுப்பாடம் மாதிரி கனக்கத் தொடங்கிவிடுகின்றன. மாசி பிறக்கும்போது பட்டியல் எங்கே போனதென்றே தெரியாது. "எனக்கு மனவுறுதி போதாது" என்று பலரும் தங்களையே நொந்துகொள்கிறார்கள். அது நியாயமில்லை. ஒரு காரியத்தைத் தினமும் செய்வதற்கு மூளை கேட்பது ஒன்று. அதே காரியத்தில் மகிழ்வதற்குக் கேட்பது வேறொன்று. இரண்டும் எதிரெதிராக இழுக்கின்றன.

முதலில் பழக்கத்தின் பக்கம். லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் ஃபிலிப்பா லாலியும் அவருடைய சகாக்களும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் பின்தொடர்ந்து, 2010-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒவ்வொருவரும் ஒரு சின்னச் செயலைத் தேர்ந்துகொண்டு, தினமும் ஒரே சந்தர்ப்பத்தில் அதைச் செய்ய வேண்டும்: காலை உணவுக்குப் பிறகு நடப்பது, மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், இப்படி. அந்தச் செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர எடுத்த காலம், இடைநிலை மதிப்பாக 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது (பன்னிரண்டு வாரத்தைத் தாண்டியவை, போக்கைப் பார்த்துக் கணித்தவை). ஊரெல்லாம் சுற்றும் "21 நாளில் பழக்கம்" என்ற கணக்குக்கு இதில் ஆதாரமே இல்லை. இடையில் ஒருநாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. ஒரு நாள் தவறியதுமே "அவ்வளவுதான், எல்லாம் போச்சு" என்று கைவிடுகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

யோசிக்காமல் நடப்பது என்றால் மூளைக்குள் என்ன நடக்கிறது? அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஆன் கிரேபியெல் குழுவினர், 'டி' எழுத்து வடிவப் பாதையில் எலிகளை ஓடவிட்டு, மூளையின் ஆழத்தில் இருக்கும் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியைக் கவனித்தார்கள். புதிதாகக் கற்கும்போது அங்குள்ள நரம்பணுக்கள் ஓட்டம் முழுக்கச் சுறுசுறுப்பாக இருந்தன. பாதை பழகிய பிறகு, ஓட்டம் தொடங்கும்போதும் முடியும்போதும் மட்டும் செயல்பாடு உயர்ந்தது, நடுப்பகுதியில் அடங்கிவிட்டது. தொடக்கத்தையும் முடிவையும் குறித்துவைத்துக்கொண்டு, நடுவில் இருப்பதை மூளை ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது.

பல் துலக்க இது அருமையான ஏற்பாடு. ஆனால் மகிழ்ச்சிக்காகச் செய்யும் காரியத்தின் நடுப்பகுதிதானே மகிழ்ச்சி? மாலை நடையில் வேப்பம்பூ வாசம் வருகிறது, பக்கத்துத் தெருவில் யாரோ வீணை பழகுகிறார்கள். நடை முழுப் பழக்கமாகிவிட்டால் கால்கள் நடக்கும், மனம் அலுவலகக் கணக்கில் இருக்கும்.

இதோடு டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளின் சங்கதியும் சேர்ந்துகொள்கிறது. சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபோர்க் பல்கலைக்கழகத்தில் வொல்ஃப்ரம் ஷுல்ட்ஸ் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்துச் செய்த சோதனைகள் புகழ்பெற்றவை. எதிர்பாராமல் சாறு கிடைத்தால் டோபமைன் அணுக்கள் துள்ளின. ஒரு விளக்கு எரிந்த பிறகு சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்டதும் துள்ளல் விளக்குக்கு இடம் மாறியது. சாறு வாயில் விழுந்தபோது அணுக்கள் அசையவில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் செயல்பாடு வழக்கத்துக்கும் கீழே இறங்கியது. இந்த அணுக்கள் தெரிவிப்பது இன்பத்தை அல்ல. எதிர்பார்ப்புக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை. எல்லாம் எதிர்பார்த்தபடியே நடந்தால் சொல்வதற்குச் செய்தி இல்லை. மூன்றாவது வாரத்தில் அதே தியான ஒலிப்பதிவு, அதே குரல், அதே மணியோசை சலிப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன். சலித்துப்போனவர் சோம்பேறி அல்ல.

ஆக, பழக்கத்துக்கு மாறாமை வேண்டும். மகிழ்ச்சிக்குக் கொஞ்சம் மாற்றம் வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் ஒரு செயல் உயிரினங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதுதான் விளையாட்டு.

டென்னசி பல்கலைக்கழகத்தின் கார்டன் பர்க்கார்ட், விலங்கு செய்வது விளையாட்டா இல்லையா என்று முடிவுசெய்ய ஐந்து அடையாளங்களை வகுத்தார். அந்தச் செயலால் உயிர்வாழ்வதற்கான உடனடிப் பயன் முழுதாகக் கிடைக்காது. தானாக விரும்பிச் செய்வதாக இருக்கும். நிஜச் செயலிலிருந்து வடிவத்திலோ நேரத்திலோ மாறியிருக்கும். திரும்பத் திரும்ப நடக்கும், ஆனால் அச்சு மாறாமல் அப்படியே நடக்காது. வயிறு நிறைந்து பயமில்லாமல் இருக்கும்போதுதான் நடக்கும். இதில் நான்காவதைப் பாருங்கள். திரும்ப நடக்க வேண்டும், ஆனால் அச்சாக அதே மாதிரி அல்ல. மேலே சொன்ன இழுபறிக்கு விடை இந்த ஒரு வரியில் இருக்கிறது.

இதற்கு நம் வாசலிலேயே உதாரணம் உண்டு. கோலத்துக்கு இடம் மாறாது, நேரம் மாறாது. தண்ணீர் தெளித்த கை தானாகக் கோலமாவு டப்பாவுக்குப் போகும். அந்த அளவுக்கு முழுப் பழக்கம். ஆனால் குனிந்து புள்ளி வைக்கும்போது ஒரு கேள்வி வந்துவிடுகிறது: இன்றைக்கு எது? நேர்ப்புள்ளியா, ஊடுபுள்ளியா? பூக்கோலமா, சிக்குக் கோலமா? சிக்குக் கோலத்தில் விதிகள் கறாரானவை. கோடு புள்ளியைத் தொடக் கூடாது, எல்லாப் புள்ளியையும் சுற்றிவர வேண்டும், கிளம்பிய இடத்தில் வந்து மூட வேண்டும். விதி கறார், வடிவங்களுக்கோ முடிவே இல்லை. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் 1970-களில் கோலங்களைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளாக எழுதிக் காட்டினார்கள். சில விதிகளிலிருந்து எண்ணற்ற படங்கள் பிறக்கும் அந்தத் தன்மைதான் அவர்களை ஈர்த்தது. சாயங்காலத்துக்குள் செருப்பும் சைக்கிளும் கோலத்தை அழித்துவிடும். நாளைக்கு வாசல் மறுபடி காலி. சேர்த்துவைக்க எதுவும் இல்லாததால் தோற்பதற்கும் எதுவும் இல்லை.

ஆனால் இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கோலம் எல்லோருக்கும் விளையாட்டாக இருந்ததில்லை. விடியுமுன் எழுந்து, பால் காய்ச்சுவதற்கும் சாப்பாடு கட்டுவதற்கும் நடுவே, போடாவிட்டால் பேச்சு கேட்க வேண்டுமே என்று போட்ட பெண்கள் ஏராளம். கையசைவு அதேதான், விரும்பிச் செய்வது என்ற அடையாளம்தான் இல்லை. அங்கே அது வேலை. இன்னொருவரின் "தினசரிப் பழக்க"த்தைப் பார்த்து நமக்கு நாமே சுமத்திக்கொள்ளும் காரியத்துக்கும் இந்தக் கதிதான் நேரும்.

ஐந்தாவது அடையாளத்துக்கு, அதாவது பயமில்லாமல் இருப்பதற்கு, வருவோம். ஓஹையோ மாநிலத்தின் பௌலிங் கிரீன் பல்கலைக்கழகத்தில் இருந்த யாக் பாங்க்செப், எலிகள் விளையாடும்போதும் கிச்சுகிச்சு மூட்டும்போதும் சுமார் 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் கீச்சொலி எழுப்புவதை 1990-களின் பிற்பகுதியில் கண்டறிந்தார். மனிதக் காது அதிகபட்சம் 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். அதனால் வௌவால் ஒலியைப் பிடிக்கும் கருவி தேவைப்பட்டது. அவருடைய இன்னொரு சோதனை இதைவிட முக்கியமானது. குட்டி எலிகள் விளையாடும் கூண்டில் ஒரு கொத்துப் பூனை முடியை வைத்தார். அந்த எலிகள் வாழ்நாளில் பூனையைப் பார்த்ததே இல்லை. விளையாட்டு உடனே நின்றது. முடியை எடுத்த பிறகும் சில நாட்கள் வரை பழைய அளவுக்குத் திரும்பவில்லை. 2016-இல் பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தின் ஷிம்பேய் இஷியாமாவும் மைக்கேல் பிரெக்ட்டும் எலிகளை உயரமான மேடையில், கண்கூசும் வெளிச்சத்தில் நிறுத்திக் கிச்சுகிச்சு மூட்டினார்கள். அதே விரல்கள்தான், ஆனால் கீச்சொலி வெகுவாகக் குறைந்தது. மூளையின் தொடு உணர்வுப் பகுதியின் துலங்கலும் தணிந்துவிட்டது.

எலியிலிருந்து மனிதருக்கு நேராகத் தாவ முடியாது. ஆனாலும் பயம் இருக்கும் இடத்தில் விளையாட்டு மூடிக்கொள்ளும் என்பதை நம் உடம்பும் அறியும். கடன்காரர் அழைப்பு வரலாம் என்று கைபேசியையே பார்த்துக்கொண்டிருப்பவரிடம் "ஜாலியாக இருங்கள்" என்பது கொடுமை. தூக்கம் கெட்டிருந்தால் முதலில் தூக்கம். வீட்டில் அமைதியே இல்லையென்றால் முதலில் ஒரு பாதுகாப்பான மூலை. பிடித்த எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் மனம் இருண்டு கிடந்தால் அது பழக்கத்தால் சரிசெய்யும் விஷயமல்ல. மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்திய அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

விளையாட்டைக் கெடுக்கும் இன்னொன்று பரிசு. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் 1973-இல் வெளியிட்ட ஆய்வு, ஸ்டான்ஃபோர்டின் மழலையர் பள்ளியில் நடந்தது. மார்க்கர் பேனாவால் படம் வரைவதில் ஆசையுள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, பிறகு அதைக் கொடுத்தார்கள். இன்னொரு பகுதிக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து, பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மட்டும் மற்றவர்களில் ஏறக்குறையப் பாதி நேரமே வரைந்தார்கள். பிடித்துச் செய்தது, கூலிக்குச் செய்ததாக மாறிவிட்டது. கைபேசிச் செயலிகள் "தொடர்ந்து இத்தனை நாள்" என்று தரும் நெருப்புச் சின்னங்களும் பதக்கங்களும் எனக்கு இதனால்தான் உறுத்துகின்றன. தொடக்கத்தில் உந்துகின்றன என்பது உண்மை. ஆனால் ஒருநாள் எண்ணிக்கை பூஜ்யமானதும் செயலும் சேர்ந்து நின்றுவிடுவதைச் சுற்றிலும் பார்க்கிறோம்.

சரி, நடைமுறையில் என்ன செய்யலாம்? தொடக்கத்தை ஆணி அடித்ததுபோல் நிறுத்துங்கள், நடுவைத் திறந்து விடுங்கள். "மாலையில் காபி டம்ளரைக் கழுவி வைத்ததும்" என்பது நல்ல தொடக்கம். "நேரம் கிடைக்கும்போது" என்பது தொடக்கமே அல்ல. எப்போது, எங்கே என்று முன்னரே முடிச்சுப் போட்டுவைத்த எண்ணங்கள் அதிகம் நிறைவேறுகின்றன என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்.

நடுவைத் திறந்து விட எனக்குப் பிடித்த வழி, பரணில் கிடக்கும் தாயக்கட்டை. இரண்டு கட்டைகளை உருட்டினால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, பன்னிரண்டு என ஏழு விதமாக விழும். ஏழுக்கும் பிடித்த ஏழு சின்னக் காரியங்களை எழுதிவைக்கலாம். தாயம் விழுந்தால் மொட்டைமாடியில் ஐந்து நிமிடம் மேகம் பார்ப்பது. மூன்றுக்குப் பாதத்தில் நல்லெண்ணெய் தேய்ப்பது. ஐந்துக்குப் பழைய சிநேகிதிக்கு ஒரு போன். ஆறுக்கு, சமையலறையில் யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று ஒரு பாட்டுக்கு ஆடுவது. விழுந்தது பிடிக்கவில்லையென்றால் மறுபடி உருட்டலாம், ஏனென்றால் கட்டாயம் நுழைந்தால் விளையாட்டு வெளியேறிவிடும். என்ன விழும் என்று தெரியாத அந்த நொடிக்கும் ஷுல்ட்ஸ் குழுவிடம் விளக்கம் உண்டு. கிடைக்குமா கிடைக்காதா என்பது சரிபாதியாக இருக்கும்போது, காத்திருக்கும் நேரத்தில் டோபமைன் அணுக்களின் செயல்பாடு மெல்ல ஏறி உச்சத்தைத் தொடுகிறது என்று 2003-இல் காட்டினார்கள். சூதாட்டமும் முடிவில்லாமல் ஓடும் குறுங்காணொளிகளும் நம்மைப் பிடித்துவைப்பது இதே கொக்கியால்தான். தாயக்கட்டையில் உருட்டல் ஒன்றிரண்டோடு முடிகிறது, அப்புறம் மேகம் பார்க்கப் போய்விடுகிறோம்.

பாட்டு முனகுவதையும் அந்த ஏழில் ஒன்றாகச் சேர்க்கச் சொல்வேன். வாயை மூடி ஒரு மெட்டை முனகும்போது மூச்சு நீளமாக, மெதுவாக வெளியே போகிறது. மூச்சை விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் பிடி இறுகி இதயத்துடிப்பு சற்றுத் தணியும், இழுக்கும்போது ஏறும். வெளிமூச்சு நீள நீளத் தணிவும் நீள்கிறது. முனகும்போது மூக்கிலிருந்து வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடு வாயு, சும்மா மூச்சு விடுவதைவிடச் சுமார் 15 மடங்கு கூடுவதை ஸ்வீடனின் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் 2002-இல் அளந்தார்கள். முனகலின் அதிர்வு மூக்கை ஒட்டிய எலும்பறைகளின் காற்றை அசைத்து வெளியேற்றுவதுதான் காரணம். இதை வியாதிக்கு மருந்தாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பக்க விளைவில்லாத ஒரு சந்தோஷம், அவ்வளவே.

பெரியவர்களிடம் விளையாட்டுத்தனத்தை வளர்க்க முடியுமா என்று ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழகத்தின் ரெனே ப்ராயரும் சகாக்களும் 533 பேரை வைத்துச் சோதித்தார்கள். பயிற்சி ஒரே வாரம்தான். சிலர் இரவில், அன்றைக்கு நடந்த மூன்று விளையாட்டான சம்பவங்களை எழுதினார்கள். சிலர் தங்கள் விளையாட்டுக் குணத்தைப் புது இடத்தில், வேலை உட்பட, பயன்படுத்திப் பார்த்தார்கள். சிலர் அன்றைய விளையாட்டான தருணங்களை எண்ணி மட்டும் வைத்தார்கள். விளையாட்டுத்தனம் உயர்ந்தது, மனநலத்திலும் சிறிய, குறுகிய கால முன்னேற்றம் தெரிந்தது. எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு நான் முதலாவதைத்தான் சொல்வேன். அது புதிதாக எதையும் செய்யச் சொல்வதில்லை. பேருந்தில் முன்சீட்டுக் குழந்தையோடு கண்ணாமூச்சி ஆடியதையும், தோசையை வேண்டுமென்றே யானை வடிவில் ஊற்றியதையும், தம்பியின் போனில் குரல் மாற்றிப் பேசியதையும் தலையணைப் பக்கத்துத் தாளில் எழுதச் சொல்கிறது. மூன்று கிடைக்காத நாளில் ஒன்றை எழுதினாலும் போதும்.