மலைமேல் இருப்பவர் போனிலும் வீடியோ ஓட வேண்டும்

கம்பத்தில் உட்கார்ந்து வெப்சைட் செய்துகொடுக்கிறேன். என் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் மேலே, கேரளப் பக்கம். குமுளியில் ஹோம்ஸ்டே, தேக்கடியில் ஸ்பைஸ் கடை, வண்டன்மேட்டில் ஏலக்காய் வியாபாரம். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, சைட்டைத் திறந்ததும் நம்ம வீடியோ ஓடணும்." கேட்பதில் தப்பில்லை. ஏலத்தோட்டம் எப்படி இருக்கும் என்பதைப் பத்துப் போட்டோவைவிட அரை நிமிட வீடியோ நன்றாகக் காட்டும். ஆனால் அந்த வீடியோவுக்கான செலவைத் தருவது கடைக்காரர் மட்டுமல்ல, பார்க்கிறவரும்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐபோனில் 4கே தரத்தில், நொடிக்கு 30 ஃபிரேம் வைத்து எடுத்தால், ஒரு நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி ஆகும் என்று அந்த போனின் செட்டிங்ஸிலேயே போட்டிருக்கிறது. அந்த ஒரு நிமிட வீடியோவை அப்படியே சைட்டில் ஏற்றினால், தினம் 1.5 ஜிபி பேக் போட்டிருப்பவர் ஒன்பது முறை பார்ப்பதற்குள் அன்றைய டேட்டா தீர்ந்துவிடும். அதே வீடியோவை 720பி என்ற குறைந்த தரத்துக்கு இறக்கி, நொடிக்கு 2 மெகாபிட் அளவில் சுருக்கினால் நிமிடத்துக்கு 15 எம்பிதான். போன் திரையில் பார்ப்பவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. குமுளி மலைப்பாதையில் ஏறும்போது வளைவுக்கு வளைவு சிக்னல் வந்து போகும். கார்த்திகை மார்கழியில் சபரிமலை வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்போது, இருக்கிற டவரைத்தான் அத்தனை பேரும் பங்குபோட வேண்டும். ரூம் தேடுகிறவர் அங்கே நின்றுகொண்டுதான் உங்கள் சைட்டைத் திறக்கிறார்.

அடுத்து, ஃபைலின் வகை. 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன் இயல்பாகவே ஹெச்இவிசி (HEVC) என்ற சுருக்கும் முறையில் பதிவு செய்கிறது. இதைக் காட்டத் தெரியாத பிரவுசர்கள் இன்னும் உண்டு. "சத்தம் வருது, படம் வரல" என்று போன் வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். ஹெச்.264 என்ற பழைய சுருக்கும் முறையில் எம்பி4 ஃபைலாக மாற்றிவிட்டால் ஏறக்குறைய எல்லா போனிலும் ஓடும். ஏவி1 போன்ற புது முறைகளில் அளவு இன்னும் குறையும். வேண்டுமென்றால் அதை முதலில் கொடுத்து, ஹெச்.264ஐக் கடைசியாக வையுங்கள். பிரவுசர் தனக்குத் தெரிந்ததை எடுத்துக்கொள்ளும்.

பலர் கவனிக்காத ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எம்பி4 ஃபைலுக்குள் 'மூவ்' (moov) என்றொரு பகுதி உண்டு. எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை அது, புத்தகத்துக்குப் பொருளடக்கம் மாதிரி. படம் எடுத்து முடிந்த பிறகுதான் அட்டவணை தெரியும் என்பதால், கேமரா பெரும்பாலும் அதைக் கடைசியில் எழுதிவைக்கும். அது கிடைக்காமல் பிரவுசரால் முதல் நொடியைக்கூடக் காட்ட முடியாது. ஃபைலைத் துண்டுதுண்டாகத் தரத் தெரிந்த சர்வர் என்றால் வாலைத் தேடிப் போய்வர இன்னொரு சுற்று ஆகும். தெரியாத சர்வர் என்றால் முழு ஃபைலும் இறங்கும்வரை வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். வீடியோவை மாற்றித்தரும் எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற மென்பொருளில் ஃபாஸ்ட்ஸ்டார்ட் (faststart) என்ற ஒரு விருப்பத்தைச் சேர்த்தால் போதும், அட்டவணை முன்னால் வந்துவிடும். படத்தின் தரம் துளியும் மாறாது. அப்புறம் சர்வரையும் சோதியுங்கள். பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் உள்ள நெட்வொர்க் பக்கத்தில் வீடியோவுக்கு 206 என்று பதில் வர வேண்டும்; துண்டாகத் தருகிறேன் என்று சர்வர் சொல்வது அது. துண்டாகத் தராத சர்வரிலிருந்து ஐபோனின் சஃபாரி வீடியோவை ஓட்டாது.

தானாக ஓடுவது எனக்குப் பிடிக்காத விஷயம். சத்தத்தோடு தானாக ஓடுவதை குரோம் 2018லேயே கட்டுப்படுத்திவிட்டது. மியூட் செய்தால் ஓடும், ஐபோனில் பக்கத்துக்குள்ளேயே ஓடுவதற்கு பிளேஸ்இன்லைன் (playsinline) என்பதையும் சேர்க்க வேண்டும். சரி, ஓடட்டும். பார்க்க வந்தவர்களில் யார் கேட்டார்கள்? வீடியோ ஓடும்வரை அதன் இடத்தில் தெரிய ஒரு நல்ல போஸ்டர் படம் வைத்து, முன்கூட்டியே இறக்குவதைச் சொல்லும் ப்ரீலோட் (preload) என்பதற்கு 'நன்' (none) என்று கொடுத்துவிடுங்கள். பார்க்க விரும்புகிறவர் தொடுவார், டேட்டா அப்போதுதான் செலவாகும். யூடியூப் வீடியோவை ஒட்டினாலும் இதே வழிதான்: முதலில் படம், தொட்ட பிறகு பிளேயர். ஐந்து, பத்து நிமிட வீடியோ என்றால் யூடியூபே நல்லது. நெட் வேகத்துக்கு ஏற்பத் தரத்தை அதுவே ஏற்றி இறக்கிக்கொள்ளும்.

ரூம் வாடகை, ஏலக்காய் விலை, போன் நம்பர் எல்லாவற்றையும் வீடியோவுக்குள் எழுத்தாக ஓடவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த நம்பரைத் தொட்டுக் கூப்பிட முடியாது, கூகுள் தேடலில் அந்த விலை வரும் என்று நம்பவும் முடியாது, கண் தெரியாதவரின் ஸ்கிரீன் ரீடர் அதைப் படிக்காது. அதையெல்லாம் சைட்டின் பக்கத்திலேயே எழுத்தாகப் போடுங்கள். பேச்சு இருந்தால் தமிழ், மலையாளம் இரண்டிலும் சப்டைட்டில் ஃபைல் தனியாகக் கொடுங்கள். பஸ்ஸில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பவருக்கும் காது கேளாதவருக்கும் அது ஒன்றுதான் வழி.

ஏலத்தோட்டத்து வீடியோக்களில் காய் பறிக்கும் பெண்களின் முகம் பளிச்சென்று தெரியும். பலர் நம் பக்கத்து ஊர்களிலிருந்து விடிவதற்குள் ஜீப் ஏறி மலைக்குப் போகிறவர்கள். கேமராவை நீட்டுகிற முதலாளியிடம் 'வேண்டாம்' என்று சொல்வது அவர்களுக்கு எளிதல்ல. அதனால் ஏற்றுவதற்கு முன் அவர்களிடம் கேட்டாயிற்றா என்று நான் ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். தயங்கினவர் வரும் காட்சியை வெட்டச் சொல்கிறேன். போன் வீடியோவுக்குள் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் விவரமும் இருக்கலாம். வீட்டு முற்றத்தில் எடுத்ததென்றால் அந்த வீட்டின் இடமே அதில் இருக்கும். மாற்றும்போதே அந்த விவரங்களை நீக்கிவிடுங்கள். சைட்டிலிருந்து நாளைக்கு ஃபைலை எடுத்துவிடலாம், ஆனால் அதற்குள் வாட்ஸப்பில் போனதைத் திரும்ப வாங்க யாராலும் முடியாது.