கண்ணுக்குக் கீழே பை: க்ரீம் வாங்கும் முன் கடிகாரத்தைப் பாருங்கள்

என் மேஜை இழுப்பறையில் ஒரு கைக்கண்ணாடி எப்போதும் இருக்கும். கண்ணுக்குக் கீழே பை விழுந்துவிட்டது என்று வருகிறவர்களிடம் முதலில் அதைத்தான் எடுத்துக் கொடுப்பேன். கண்ணாடியை நெற்றிக்கு மேலே பிடித்து, தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் உயர்த்தி அதில் பாருங்கள் என்பேன். சிலருக்குப் பை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளிக்கொண்டு வரும். அப்புறம் கண்ணாடியை மார்புக்கு இறக்கிக் கீழே பார்க்கச் சொன்னால் சற்று உள்வாங்கும். அப்படி மாறினால் அது பெரும்பாலும் கொழுப்பு. மேலே பார்த்தாலும் கீழே பார்த்தாலும் ஒரே மாதிரி உப்பலாக இருந்தால் நீர் என்று சந்தேகப்படுவேன்.

அடுத்து இரண்டே கேள்விகள். காலையில் அதிகமா, மாலையில் அதிகமா? ஒரு கண்ணா, இரண்டுமா? இந்த இரண்டுக்கும் சட்டென்று பதில் சொல்கிறவர்கள் குறைவு. எந்தெந்த க்ரீம் போட்டுப் பார்த்தோம் என்று கேட்டால் மட்டும் பட்டியல் நீளும். எனக்கு அந்தப் பட்டியலைவிடக் கடிகாரம்தான் முக்கியம்.

காரணம் இமையின் அமைப்பில் இருக்கிறது. உடம்பிலேயே மிக மெல்லிய தோல் இமைத்தோல்தான். ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது. மற்ற இடங்களில் தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு அடுக்கு இங்கே இல்லை. தளர்வான திசுதான் இருக்கிறது, பஞ்சு மாதிரி. உடம்பில் நீர் கொஞ்சம் கூடினாலும் அந்தப் பஞ்சு உறிஞ்சிக்கொள்ளும். பகல் முழுக்க நிற்கும்போதும் உட்காரும்போதும் நீர் காலுக்கு இறங்குகிறது. படுத்ததும் அந்த வசதி போய்விடுகிறது. கண் மூடியிருப்பதால் இமைத்தசையும் வேலை செய்வதில்லை. பகலில் ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் அது நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிட்டுக்கொண்டிருக்கும். அதனால் காலையில் எழுந்ததும் முகம் லேசாக ஊதியிருப்பது யாருக்கும் நடக்கும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் தானாக வடிந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

உப்பு அதிகமான இரவு உணவு, மது, தூக்கக் குறைவு, அழுதுகொண்டே தூங்கிப்போவது எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது. பாக்கெட் தின்பண்டங்களில் ஒளிந்திருப்பதையும் சேர்த்துத்தான் அந்த 5 கிராம். தலைமாட்டைச் சற்று உயர்த்திப் படுப்பது, காலையில் பத்து நிமிடம் குளிர்ந்த ஈரத்துணியை மூடிய கண்மேல் வைப்பது, இவை நிஜமாகவே உதவும். ஐஸ் கட்டியை நேராக வைக்க வேண்டாம். வெள்ளரித் துண்டு வைக்கலாமா என்று கேட்காதவர் இல்லை. வைக்கலாம். அதில் வேலை செய்வது வெள்ளரியின் குளிர்ச்சிதான். குளிர்பதனப் பெட்டியில் வைத்த கரண்டியும் அதே பலனைத் தரும். காஃபின் கலந்த க்ரீம்கள் ரத்தக்குழாய்களைச் சுருக்கிச் சில மணி நேரத்துக்கு வீக்கத்தைக் குறைத்துக் காட்டலாம். ஒரு நிகழ்ச்சிக்குப் போகும் அன்று சரி. அதைச் சிகிச்சை என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

அலர்ஜிக்கு ஓர் அடையாளம் உண்டு: அரிப்பு. அரிப்பே இல்லாமல் அலர்ஜி என்று யாராவது சொன்னால் எனக்கு ஒரு புருவம் உயரும். கண்ணைக் கசக்கக் கசக்க வீக்கமும் கருமையும் ஏறும். வருடக்கணக்கில் கசக்கினால் கருவிழியே கூம்பாகும் ஆபத்து கூடும். காரணம் சில நேரம் எதிர்பாராத இடத்தில் இருக்கும். இமைத்தோல் தடித்துச் சிவந்து வந்த ஒரு பெண், மையிலிருந்து சோப்பு வரை எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிட்டார். கடைசியில் குற்றவாளி நகப்பூச்சு. விரலில் ஒன்றும் செய்யாத ரசாயனம், தொட்டுத் தொட்டு மெல்லிய இமைத்தோலுக்கு வந்து சேர்ந்திருந்தது. தலைச்சாயமும் இப்படிச் செய்யும். கண்ணுக்குப் போடும் சொட்டு மருந்துகூடச் செய்யும்.

இப்போது நான் அதிக நேரம் பேச விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன்.

ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனை அவன் அம்மா அழைத்து வந்தார். மூன்று வாரமாகக் காலையில் இரண்டு கண்ணும் வீங்குகிறது. வேறோர் இடத்தில் அலர்ஜிச் சொட்டு மருந்து கொடுத்திருந்தார்கள். "சாயங்காலம் ஆனா நல்லா வடிஞ்சிடுது டாக்டர், மருந்து கேக்குதுன்னுதான் நினைக்கிறேன்" என்றார். கண்ணைப் பார்த்தேன். சிவப்பு இல்லை, நீர் வடியவில்லை, அவன் ஒரு தடவைகூடக் கசக்கவில்லை. காலுறையைக் கழற்றச் சொன்னேன். கணுக்காலுக்கு மேல் காலுறையின் விளிம்பு வளையமாகப் பதிந்திருந்தது. கட்டை விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. போன மாதம் சரியாக இருந்த கால்சட்டை இடுப்பில் இறுக்குகிறது என்று அம்மாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மாலையில் வீக்கம் வடியவில்லை. கண்ணிலிருந்து காலுக்கு இடம் மாறியிருந்தது.

சிறுநீரில் ஒரு பட்டையை முக்கி எடுத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும் சோதனை அது. புரதம் கொட்டிக்கொண்டிருந்தது. நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்பார்கள்: சிறுநீரக வடிகட்டி ஓட்டையாகி ரத்தத்தின் அல்புமின் என்ற புரதம் வெளியே போய்விடுகிறது, உடம்பில் நீர் கோத்துக்கொள்கிறது. குழந்தைகளில் அது முதலில் முகம் காட்டுவது பெரும்பாலும் இமையில்தான். அதனாலேயே அலர்ஜி என்று தவறாக நினைக்கப்படுவதும் வழக்கமாக நடக்கிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஸ்டீராய்டு சிகிச்சை நன்றாகவே கேட்கும். திரும்ப வரும் சுபாவம் உண்டு என்பதால் குழந்தை சிறுநீரக மருத்துவரின் கண்காணிப்பு வேண்டும். இந்தச் சிறுவனையும் அங்கேதான் அனுப்பினேன்.

இது புதிய ஞானம் ஒன்றும் இல்லை. உடல் வீக்கத்தோடு வந்த நோயாளிகளின் சிறுநீரைச் சூடாக்கி, அது முட்டை வெள்ளைக்கரு போலத் திரிவதைப் பார்த்து, கோளாறு சிறுநீரகத்தில் என்று ரிச்சர்ட் பிரைட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1827இல் எழுதிவிட்டார். அவரிடம் இருந்தது கரண்டியும் மெழுகுவத்தியும்தான். நம்மிடம் பட்டை இருக்கிறது. காலையில் இரண்டு கண்ணும் வீங்கும், அரிப்பு இல்லாத குழந்தைக்கு அதைச் செய்யாமல் சொட்டு மருந்து எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை.

பெரியவர்களுக்கும் இதே கேள்விதான். சிறுநீர் நுரைத்துக்கொண்டு போகிறதா, கால் வீங்குகிறதா, ரத்த அழுத்தம் எவ்வளவு, சர்க்கரை உண்டா. கர்ப்பமாக இருப்பவர்களுக்கு 20 வாரத்துக்குப் பிறகு முகமும் கண்ணும் திடீரென ஊதி, தலைவலியோ கண்ணில் பூச்சி பறப்பதோ சேர்ந்தால் அன்றைக்கே ரத்த அழுத்தம் பார்த்தாக வேண்டும்.

தைராய்டு இரண்டு வேஷம் போடும். சுரப்பு குறைந்தால் முகம் முழுவதும் மாவு பிசைந்தாற்போல் உப்பிப் போகும். காலை, மாலை வித்தியாசம் அவ்வளவு இருக்காது. கூடவே சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல். ஒரு ரத்தப் பரிசோதனை போதும். இன்னொரு வேஷம், தைராய்டு அதிகமாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயோடு வரும் தைராய்டு கண்நோய். அதில் நானே ஏமாறப் பார்த்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் கீழிமைப் பையை எடுத்துவிட வேண்டும் என்று வந்தார். பையைப் பார்த்தேன், ஆபரேஷன் தேதி கொடுக்கப் போனேன். என் மூத்த மருத்துவர் எட்டிப் பார்த்துவிட்டு, "பழைய போட்டோ ஏதாவது வச்சிருக்கீங்களாம்மா?" என்று கேட்டார். இரண்டு வருடத்துக்கு முந்தைய படத்தில் மேலிமை கருவிழியின் மேல் விளிம்பை மூடியிருந்தது. எதிரில் உட்கார்ந்திருந்தவருக்கோ கருவிழிக்கு மேலே வெள்ளை தெரிந்தது. கண் முன்னால் தள்ளியிருந்தது. நான் பையை மட்டும் பார்த்து முகத்தைப் பார்க்காமல் விட்டிருந்தேன். இந்த நோய் கொதித்து அடங்கும்வரை பை எடுக்கும் ஆபரேஷன் கூடாது. அடங்க ஒன்றரை வருடமோ அதற்கு மேலோ ஆகலாம். புகைபிடித்தால் நோய் முற்றும். அன்றிலிருந்து பழைய படம் பார்க்காமல் நான் யாருக்கும் தேதி கொடுப்பதில்லை.

சரி, எல்லாம் பார்த்தாயிற்று, சிறுநீரகமும் தைராய்டும் நன்றாக இருக்கின்றன, பை மட்டும் காலை மாலை எப்போதும் அப்படியே இருக்கிறது. அப்படியானால் அது கொழுப்பு. கண்விழிக்கு மெத்தை போலக் கண்குழிக்குள் கொழுப்பு இருக்கிறது. கீழே அது மூன்று பொட்டலங்களாக உட்கார்ந்திருக்கும். முன்னால் ஒரு மெல்லிய சவ்வு அதைத் தாங்கிப் பிடிக்கிறது. வயதாக ஆக அந்தச் சவ்வு தொய்கிறது, கொழுப்பு எட்டிப் பார்க்கிறது. கன்னமும் இறங்குவதால் பைக்குக் கீழே ஒரு பள்ளம் விழுந்து, பை இன்னும் பெரிதாகத் தெரியும். சில குடும்பங்களில் இருபத்தைந்து வயதிலேயே வரும். அப்பா முகத்தைப் பார்த்தால் பிள்ளையின் பை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். இதைக் கரைக்கும் க்ரீம் கிடையாது. தோலில் தடவுவது சவ்வைத் தாண்டி அந்தக் கொழுப்புக்குப் போய்ச் சேராது. கருவளையம் என்று நினைப்பதில் பாதி இந்தப் பையின் நிழல்தான்: முகத்துக்கு நேராக டார்ச் அடித்தால் கருமை மறைந்தால் அது நிழல், மறையாவிட்டால் நிறம்.

விருப்பப்பட்டால் ஆபரேஷன் உண்டு. இமையின் உட்புறமாகப் போய்க் கொழுப்பை எடுக்கும் முறை 1920களிலேயே பிரான்சில் தொடங்கிவிட்டது. வெளியே தழும்பு தெரியாது. இப்போது பலரும் கொழுப்பை வெட்டி எறிவதைவிட, கீழே உள்ள பள்ளத்தில் அதைப் பரப்பி நிரப்புவதையே விரும்புகிறோம். நிறைய எடுத்துவிட்டால் பத்து வருடம் கழித்துக் கண் குழிவிழுந்து போகும். தோலும் தொய்ந்திருந்தால் இமைமுடிக்குக் கீழே வெளியிலிருந்து திறக்க வேண்டியிருக்கும். அதற்கு முன் கீழிமையை மெல்ல இழுத்து விட்டுப் பார்ப்போம். உடனே விழியோடு ஒட்டினால் நல்லது. மந்தமாகத் திரும்பினால் இமையையும் இறுக்கிக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் இமை வெளிப்பக்கம் பிரண்டு கண் உலர்ந்துபோகும். ரத்தக்கட்டும் வீக்கமும் அடங்க ஓரிரு வாரமாகும். கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிந்து பார்வை போவது மிக அரிது, ஆனால் உண்டு. ஆபரேஷன் அன்று இரவு கடும் வலியோ பார்வை மங்கலோ வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தாங்களாக நிறுத்தவும் கூடாது.

பள்ளத்தை நிரப்ப ஹயலூரோனிக் அமிலக் கூழை ஏற்றும் ஃபில்லர் ஊசி பற்றி என் அபிப்பிராயம் கொஞ்சம் கறார். பள்ளம் அதிகம், பை குறைவு என்றால் நன்றாக வேலை செய்யும். ஏற்கனவே நீர் கோக்கும் சுபாவம் உள்ளவருக்குப் போட்டால், அந்த அமிலம் தானும் நீரை இழுத்துக்கொண்டு உப்பலைக் கூட்டிவிடும். தப்பித் தவறி ரத்தக்குழாய்க்குள் போனால் பார்வையே பறிபோகலாம். அழகு நிலையத்தில் அரைமணி நேரத்தில் முடித்துக்கொள்ளும் காரியம் இல்லை அது.

கண்குழி எலும்புக்கும் கீழே, கன்ன எலும்பின் மேல் தொங்கும் பை வேறு ஜாதி. இமை ஆபரேஷன் அதைத் தொடாது. இதை முன்கூட்டியே சொல்லாததால் வரும் மனக்கசப்புகளை நிறையப் பார்த்தாயிற்று.

செய்யக் கூடாதவற்றில் முதலிடம் ஸ்டீராய்டு க்ரீமுக்கு. இரண்டு நாளில் வீக்கம் குறைந்தாற்போல் இருக்கும், அதனால்தான் விடமாட்டார்கள். மாதக்கணக்கில் இமையில் தடவினால் தோல் இன்னும் மெலியும், கண் நீர் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறுவது வலிக்காது. பார்வை நரம்பு கெட்ட பிறகுதான் தெரியவரும். மூல நோய்க் களிம்பைக் கண்ணுக்கடியில் தடவும் யோசனையும், நீர் பிரியும் மாத்திரையைத் தானாக வாங்கிப் போடும் யோசனையும் இதே ரகம்.

ஒரு கண் மட்டும் சிவந்து வீங்கி, காய்ச்சலோடு, விழியை அசைத்தால் வலித்தாலோ ஒன்று இரண்டாகத் தெரிந்தாலோ கண்குழிக்குள் சீழ் பிடித்திருக்கலாம். சைனஸிலிருந்து பரவும். உடனே மருத்துவமனை. கண்ணோடு உதடும் நாக்கும் வீங்கினாலும் அப்படியே. ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் வருடக்கணக்கில் ஒத்துக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென ஒருநாள் இப்படிச் செய்யும்.

இவை எதுவும் இல்லாமல் வெறும் பைதான் என்றால், மருத்துவரைப் பார்க்கும் முன் ஒரு வாரம் காலையில் எழுந்ததும் ஒரு படம், மாலை ஒரு படம், ஒரே வெளிச்சத்தில் எடுத்துக்கொண்டு வாருங்கள். அப்படிப் பதினான்கு படங்களோடு ஒருவர் வந்தார். ஆறு நாள் முகம் சாதாரணம். திங்கட்கிழமைக் காலைப் படத்தில் மட்டும் இரண்டு கண்ணும் ஊதியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை இரவு என்ன விசேஷம் என்று நான் கேட்கவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியே சொல்லிவிட்டார்.