புல் சிள்வண்டு: வெட்டாத பூச்சிக்கு வெட்டுக்கிளி என்று பெயர்

ஜப்பானின் ஓக்கினாவாத் தீவுகளின் கரும்பு வயல்களைப் பற்றி ஓர் ஆவணப்படம். ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் நீளமுள்ள கறுப்புப் பூச்சி ஒன்று தோகையில் ஒட்டிக்கொண்டு ‘ஜீ’ என்று இழுக்கிறது. கீழே தமிழில் ‘புல் வெட்டுக்கிளி’ என்று ஓடுகிறது. இந்த வெட்டுக்கிளியைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

ஜப்பானில் இதன் பெயர் இவாசாக்கி குசாசெமி. குசா என்றால் புல். செமி என்றால் சிள்வண்டு. இவாசாக்கி என்பவர் இஷிகாக்கித் தீவின் வானிலை நிலையத்தில் பணியாற்றியவர். ஜப்பானின் மிகச் சிறிய சிள்வண்டு இதுதான். சொல்லின் கதை அவ்வளவே.

வெட்டுக்கிளி எங்கிருந்து வந்தது? சிள்வண்டுக்கு ஆங்கிலத்தில் சிக்காடா என்று பெயர். அமெரிக்காவில் குடியேறியவர்கள் அதைக் கண்டு ‘லோகஸ்ட்’, அதாவது வெட்டுக்கிளி, என்று நினைத்துவிட்டார்கள். அந்தப் பெயர் அங்கே பேச்சில் ஒட்டிக்கொண்டது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைப் புரட்டி, பிழையைப் பத்திரமாகத் தமிழுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். வெட்டுக்கிளிக்குத் தாடை உண்டு, இலையை நறுக்கித் தின்னும். பெயரிலேயே வெட்டு இருக்கிறது. சிள்வண்டுக்கு இருப்பதோ உறிஞ்சுகுழல். அதனால் எதையும் வெட்ட முடியாது. வெட்டுக்கிளி காலைச் சிறகில் உரசி ஒலி எழுப்பும். ஆண் சிள்வண்டு வயிற்றின் இருபுறமும் உள்ள சவ்வை அதிரவைத்துப் பாடும்.

வெறும் சொல் சண்டை என்று ஒதுக்கவும் வழியில்லை. இந்தப் பூச்சி ஓக்கினாவாவில் கரும்புக்குப் பகை. தாய்ப்பூச்சி தோகையின் நடுநரம்பில் முட்டையிடும். குஞ்சுகள் மண்ணுக்குள் இறங்கி வேர்ச்சாற்றைக் குடிக்கும். அறுவடைக்குப் பின் உழாமல் விட்டு, அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் கட்டைக்கரும்பில்தான் சேதம் அதிகம். வெட்டுக்கிளி என்று படித்த நம் ஊர் விவசாயி கடிபட்ட தோகையைத் தேடுவார். ஒன்றும் அகப்படாது.

‘வண்டும் தவறுதானே, அது வேறு இனம்’ என்பார் சிலர். தமிழில் வண்டு அறிவியல் வகைப்பாடு பார்த்து வந்த சொல் அல்ல. தேனீயையும் வண்டு என்றவர்கள் நாம். இரவில் கத்தும் சுவர்க்கோழியையும் சில ஊர்களில் சில்வண்டு என்பது உண்மைதான். ஐயம் வந்தால் சிள்வீடு என்று எழுதட்டும். அகநானூற்றிலேயே வேலமரத்தில் சிள்வீடு கறங்குகிறது. புணர்ச்சி விதி பார்த்துப் ‘புற்சிள்வண்டு’ என்று எழுதினால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். பிரித்து, புல் சிள்வண்டு என்றே எழுதலாம். ‘சிக்காடா’ என்று அப்படியே விட்டாலும் எனக்குக் கோபமில்லை. வெட்டுக்கிளி மட்டும் வேண்டாம்.