சீட் உயரத்தை மட்டும் பார்த்து 350 வாங்காதீர்கள்

ஷோரூமில் உயரம் குறைந்த ஒருவர் 350 சிசி வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் எல்லோருடைய கண்ணும் அவர் குதிகாலுக்குத்தான் போகும். குதிகால் தரையில் பட்டால் "உங்களுக்கு செட் ஆகுது" என்பார்கள். படாவிட்டால் "இது வேணாம், சின்ன வண்டி பாருங்க" என்பார்கள். இரண்டுமே அவசரத் தீர்ப்பு. 5 அடி 2 அங்குல உயரத்தில் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-ஐ வருடக்கணக்கில் கீறல் விழாமல் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு பாதமும் முழுசாகப் பதியும் வண்டியை வாங்கி, அந்த வாரமே வீட்டு வாசல் சரிவில் சாய்த்துவிட்டவர்களும் இருக்கிறார்கள்.

பயிற்சித் திடலில் நாங்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்றுதான். உயரம் குறைந்தவர்கள் வண்டியைக் கீழே போடுவது பெரும்பாலும் ஓடும்போது அல்ல. நிறுத்தப்போகும் கடைசி ஒரு மீட்டரில், யூ-டர்னில், உட்கார்ந்தபடி பின்னால் தள்ளும்போது, பார்க்கிங்கில் இருந்து எடுக்கும்போது. வண்டியைத் தேர்ந்தெடுப்பதும் இந்த நாலு இடங்களை வைத்துத்தான் நடக்க வேண்டும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். நம் நாட்டில் கியர் உள்ள இருசக்கர வண்டிக்கு ஒரே உரிமம்தான். 100 சிசி வண்டியில் எட்டுப் போட்டுக் காட்டியவர் மறுநாளே 650 சிசி ஓட்டலாம். நடுவில் படிக்கட்டு எதுவும் கிடையாது. அந்தப் படிகளை வாங்குபவர்தான் கட்டிக்கொள்ள வேண்டும்.

எண் சொல்வதும் சொல்லாததும்

ஸ்ப்ளெண்டர் பிளஸ்ஸின் சீட் உயரம் 785 மி.மீ. கிளாசிக் 350-க்கு 805 மி.மீ. வித்தியாசம் 2 செ.மீ., ஒரு விரல் அகலம். ஸ்ப்ளெண்டரைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிறவருக்குக் கிளாசிக்கில் ஏறியதும் வயிற்றைப் பிசைவது அந்த ஒரு விரலால் அல்ல. முன்னது 112 கிலோ, பின்னது 195 கிலோ.

அந்த எடை எப்படி வேலை செய்கிறது என்று தோராயமாகக் கணக்குப் போடலாம். எடை மையம் தரையிலிருந்து 55 செ.மீ. உயரத்தில், நீங்கள் பிடித்திருக்கும் ஹேண்டில்பார் 1 மீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். 195 கிலோ வண்டி 10 டிகிரி சாய்ந்தால் அதைத் தாங்க ஏறக்குறைய 19 கிலோ விசை போதும். 20 டிகிரியில் 37 கிலோ. 30 டிகிரியில் 54 கிலோ. 112 கிலோ வண்டியில் அதே 30 டிகிரிக்கு 31 கிலோதான். சின்ன வண்டி சரியும்போது உடம்பு பிடித்துவிடும். பெரிய வண்டியில் 20 டிகிரியைத் தாண்டிய பிறகு பிடிக்கப் பார்ப்பவருக்கு முதுகோ தோள்பட்டையோ பிடித்துக்கொள்ளும், வண்டியும் விழும். அதனால் பெரிய வண்டியை எப்போதும் நேராக வைத்திருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். சரிந்தபின் தூக்கிப் பிடிக்கும் பலம் உயரமானவர்களுக்கும் இல்லை.

அடுத்தது அகலம். உங்கள் கால் சீட்டின் பக்கவாட்டைச் சுற்றிக்கொண்டுதான் தரைக்குப் போகிறது. முன்பக்கம் குறுகலான 800 மி.மீ. சீட், தட்டு மாதிரி விரிந்த 780 மி.மீ. சீட்டைவிடக் காலுக்கு நெருக்கமாக இருக்கலாம். 2023-ல் வந்த ட்ரையம்ஃப் ஸ்பீட் 400-க்கு 790 மி.மீ. உயரம், 176 கிலோ எடை. சீட்டும் டேங்கும் சேரும் இடம் ஒல்லியாக இருப்பதால், எண்ணைப் பார்த்து ஒதுக்கியவர்கள் ஏறி உட்கார்ந்ததும் ஆச்சரியப்படுகிறார்கள். போதாததற்கு, நாம் ஏறியதும் சஸ்பென்ஷனும் ஃபோமும் கொஞ்சம் அமிழும். 50 கிலோ ஆளுக்குக் குறைவாகவும் 80 கிலோ ஆளுக்கு அதிகமாகவும் அமிழும். உயரம் குறைந்தவர் எடையும் குறைவாக இருந்தால் விளம்பரத் தாளில் உள்ள உயரம் அவருக்கு அப்படியே நிற்கும். பின் ஷாக் அப்சார்பரின் ப்ரீலோடு (ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கி வைக்கும் அளவு) எந்தப் படியில் இருக்கிறது என்று முதலில் பார்க்கச் சொல்வது இதனால்தான். கிளாசிக் 350-ல் ஆறு படிகள் உண்டு. தனியாக ஓட்டும் ஒல்லியான ஆள் அதை மிக மென்மையான படிக்கு இறக்கினாலே ஓரளவு உயரம் குறையும். காசு செலவில்லை.

இப்போது உங்கள் அளவு. மொத்த உயரத்தைவிடக் கால் நீளம்தான் இங்கே பேசும். வெறுங்காலுடன் சுவரோடு ஒட்டி நில்லுங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே வைத்து, சீட் மாதிரி மேல்நோக்கி அழுத்தி, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளந்துகொள்ளுங்கள். ஒரே உயரமுள்ள இருவருக்கு இதில் 4, 5 செ.மீ. வித்தியாசம் வருவது சாதாரணம். நண்பருக்குச் சரியாக இருந்த வண்டி உங்களுக்கு எட்டாமல் போவது இப்படித்தான்.

தாழ்ந்த வண்டி எல்லாம் சுலபமான வண்டி அல்ல

சூப்பர் மீட்டியோர் 650-ன் சீட் 740 மி.மீ. தான். யார் உட்கார்ந்தாலும் பாதம் பதியும். எடை 241 கிலோ. சமதளத்தில் அது சாந்தமான யானை. அரை அடி சரிவுள்ள வாசலில் முன்சக்கரத்தைக் கீழ்நோக்கி நிறுத்திவிட்டால், பாதம் முழுசாகப் பதிந்தும் உங்களால் அதைப் பின்னால் இழுக்க முடியாது. முதல் பெரிய வண்டியாக இதைப் பரிந்துரைக்க எங்களுக்கு மனம் வராது.

மீட்டியோர் 350 நடுவில் நிற்கிறது: 765 மி.மீ., 191 கிலோ. கால் நன்றாக எட்டும். ஆனால் க்ரூஸர் வகையில் ஃபுட்ரெஸ்ட் முன்னால் தள்ளி இருக்கும். ஹேண்டில்பாரை ஒரு பக்கம் முழுசாகத் திருப்பினால் வெளிக்கை எட்டுகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். கை குட்டையானவர்கள் யூ-டர்னில் மாட்டிக்கொள்வது அங்கேதான். கை எட்டாமல் உடம்பு முன்னால் இழுபட, கிளட்ச் சடாரென்று விடுபட்டுவிடும். அவெஞ்சர் க்ரூஸ் 220 (737 மி.மீ., 163 கிலோ) எடையில் இரக்கமானது. ஹோண்டா ரெபல் 500-ன் சீட் 690 மி.மீ. தான், எடை 191 கிலோ. விலைதான் எல்லோருக்கும் ஒத்துவராது. ஹிமாலயன் 450-க்கு ஆசைப்படுகிறவர்கள் ஏராளம். 825 மி.மீ., 196 கிலோ. நிறுவனமே விற்கும் தாழ்ந்த சீட்டைப் போட்டால் 805-க்கு வரும். அதன் பிறகும் எடை மையம் மேலேதான் இருக்கும். இரண்டாவது வண்டியாக அதை வாங்குங்கள்.

ஷோரூமில் அரை மணி நேரம்

தினமும் போடப்போகும் ஷூவோடு போங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் உட்கார்ந்து பார்ப்பதில் எந்தப் பயனும் இல்லை, இறக்கித் தரச் சொல்லுங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருக்கும் வண்டியில் ஏறி, யாரும் பிடிக்காமல் நிமிர்த்துங்கள். உட்கார்ந்தபடியே இடது காலால் சைடு ஸ்டாண்டை எடுக்கவும் போடவும் முடிகிறதா? நியூட்ரலில் 2 மீட்டர் பின்னால் தள்ளுங்கள். பிறகு இறங்கி, வண்டியின் இடப்பக்கம் நின்று, இடுப்பைச் சீட்டில் ஒட்டி, அதே 2 மீட்டர் நடத்திப் பாருங்கள். கிளட்ச் லீவரை விரலின் நடு மடிப்பால் பிடிக்க முடிகிறதா, நுனியால்தான் எட்டுகிறதா? நுனியால் என்றால் நகரப் போக்குவரத்தில் அரை மணியில் கை கடுத்துவிடும். சில மாடல்களில் லீவர் தூரத்தை மாற்றும் திருகு உண்டு, கேளுங்கள்.

ஷோரூம் வண்டியில் பெட்ரோல் பெரும்பாலும் அடியில்தான் இருக்கும். 13 லிட்டர் நிரப்பினால் கிட்டத்தட்ட 10 கிலோ கூடும், அதுவும் மேலே டேங்கில். டெஸ்ட் ரைடில் வேகத்தைச் சோதித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. பத்து முறை நிறுத்திக் கிளம்புங்கள். ஒரு மேட்டில் நிறுத்திக் கிளம்புங்கள்.

கால் எட்டாதவர் நிற்கும் முறை

இரண்டு நுனிக்கால்களைவிட ஒரு முழுப்பாதம் மேல். இரு பக்கமும் கட்டைவிரல் மட்டும் தொட்டால் எந்தப் பக்கமும் தள்ள விசை இருக்காது, காற்றடித்தாலே சாயும். நிற்பதற்குச் சற்று முன்பே இடுப்பை இடப்பக்கம் 5 செ.மீ. நகர்த்துங்கள். இடது பாதம் முழுசாகப் பதியும், வலது பாதம் பின் பிரேக்கின் மேலேயே இருக்கும். பார்வை முன்னால் தொலைவில், ஹேண்டில்பார் நேராக. கடைசி மீட்டரில் ஹேண்டிலைத் திருப்பியபடி முன் பிரேக்கை அழுத்துவதுதான் பெரும்பாலான சாய்வுகளுக்குக் காரணம். ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் குழாய்) அமிழ்ந்து, திரும்பிய பக்கமே வண்டி இழுத்துக்கொண்டு போகும்.

இடது கால் பழக்கத்தில் ஒரு பொறி உண்டு. நம் சாலைகள் நடுவில் உயர்ந்து ஓரம் நோக்கிச் சரிகின்றன. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். அதாவது நம் இடது கால் எப்போதும் பள்ளத்துப் பக்கம். சாலையோரத்தில் ஒதுங்கும்போது தாருக்கும் மண்ணுக்கும் நடுவே அரை அடி இறக்கம் இருந்தால், பாதம் போகும் போகும், தரை வராது. போன் பேச ஓரம் கட்டிய இடத்தில் வண்டியைப் போட்டவர்கள் இதைச் சொல்லாமலே புரிந்துகொள்வார்கள். தாரின் மேலேயே, பாதுகாப்பான அகலம் உள்ள இடத்தில் நில்லுங்கள். இல்லாவிட்டால் முன் பிரேக்கைக் கையால் பிடித்து வலது காலை ஊன்றுங்கள்.

மலைப்பாதையில் இது இன்னும் கூர்மையாகும். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைக்கு 40. ஏறும்போது இடப்பக்க வளைவில் எதிரே பேருந்து வந்து நிற்க நேர்ந்தால் உட்பக்கம் பள்ளமாக இருக்கும். அங்கே இடது காலைத் தேடாதீர்கள். மேட்டுப் பக்கக் கால், அதாவது வலது கால்தான் ஊன்ற வேண்டியது. இந்த வலது கால் நிறுத்தத்தைக் காலி மைதானத்தில் முப்பது நாற்பது முறையாவது பழகிவிட்டு மலை ஏறுங்கள். பேருந்து மேலேயிருந்து வருகிறது என்று தெரிந்தால், வளைவுக்கு முன்பே நேரான இடத்தில் நின்று அதற்கு வழி விடுவது இன்னும் நல்லது.

பின்னால் ஒருவர் ஏறும்போது, அதுவும் சேலை கட்டியவர் ஒருபக்கமாக உட்காரும்போது, எடை முழுக்க இடப்பக்கம் இறங்கும். நடைபாதை விளிம்பை ஒட்டி நிறுத்தி உங்கள் இடது காலை அதன்மேல் வையுங்கள். அவரும் அந்த உயரத்திலிருந்தே ஏறட்டும். "ஏறலாம்" என்று நீங்கள் சொன்ன பிறகுதான் ஏற வேண்டும், இறங்கும்போதும் அப்படியே. ஃபுட்ரெஸ்டில் முழு எடையையும் போட்டு எம்பக் கூடாது என்று வீட்டிலேயே சொல்லிவிடுங்கள்.

பார்க்கிங்கில் உள்ளே நுழையும் முன் வெளியே வரும் வழியைப் பாருங்கள். சுவரை நோக்கிச் சரியும் இடத்தில் முன்சக்கரத்தை விடாதீர்கள்.

சீட்டை வெட்டலாமா, வண்டியை இறக்கலாமா

முதல் 1,000 கிலோமீட்டர் எதையும் வெட்டாதீர்கள். பாதித் தேவை அதற்குள் பழக்கத்திலேயே போய்விடும். பிறகும் வேண்டுமென்றால் சீட் கடைக்காரரிடம் உயரத்தைக் குறைக்கச் சொல்வதற்கு முன், முன்பக்கத் தோள்களைச் செதுக்கச் சொல்லுங்கள். தொடை உரசும் அந்த இரண்டு ஓரங்களையும் ஒடுக்கினால் உட்காரும் இடத்தின் ஃபோம் குறையாமலே கால் கீழே போகும். ஃபோமையும் குறைப்பதென்றால் 20, மிஞ்சினால் 30 மி.மீ. அதற்கு மேல் போனால் ஒரு மணி நேரத்தில் வால் எலும்பு அடித்தகட்டில் இடிக்கும், முழங்காலும் அதிகமாக மடங்கும். பழைய சீட்டைப் பத்திரமாக வையுங்கள். தடித்த அடிப்பாகமுள்ள பூட்ஸும் 2, 3 செ.மீ. தரும், அதற்கேற்ப கியர் லீவரைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்ள வேண்டும்.

சஸ்பென்ஷனை இறக்குவது வேறு விஷயம். லிங்க் (பின் ஷாக்கோடு இணையும் துண்டு) மாற்றியோ குட்டை ஷாக் போட்டோ பின்பக்கத்தை மட்டும் இறக்கினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். ஹேண்டில் மந்தமாகும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். சரிக்கட்ட ஃபோர்க் குழாய்களை இரு பக்கமும் ஒரே அளவில், அவற்றைப் பிடித்திருக்கும் க்ளாம்புக்கு மேலே ஏற்ற வேண்டும். பிரேக் பிடித்து அமிழும்போது மட்கார்டு எங்கும் இடிக்கக் கூடாது. சைடு ஸ்டாண்டைக் குட்டையாக்காவிட்டால் வண்டி ஏறக்குறைய நேராகவே நிற்கும், லேசாகத் தட்டினாலே வலப்பக்கம் விழும். வேகத்தடைகள் வேறு இருக்கின்றன. இந்தியச் சாலைக் காங்கிரஸ் அளவுப்படி அது 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் உள்ள மெல்லிய மேடு. தெருவில் நாம் பார்ப்பது திடீரென எழும் முதுகு. இறக்கிய வண்டியின் அடிவயிறு அதில்தான் தேயும். வாரண்டியும் கேள்விக்குறியாகும். நிறுவனமே அந்த மாடலுக்கென்று விற்கும் பாகம் தவிர வேறெதையும் போட நாங்கள் சொல்வதில்லை. பழைய வண்டி வாங்குகிறவர்கள், முந்தைய உரிமையாளர் இதைச் செய்திருக்கிறாரா என்று ஃபோர்க் மேல்முனையையும் ஸ்டாண்டு நீளத்தையும் பாருங்கள்.

விழுந்துவிட்டால்

ஒருநாள் வண்டி சரியும். 20 டிகிரி தாண்டியது தெரிந்தால் விட்டுவிடுங்கள், காலை மட்டும் வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். க்ராஷ் கார்டு இருந்தால் அது தாங்கும். ஆள் நசுங்குவதைவிட லீவர் வளைவது எவ்வளவோ மேல்.

முதலில் என்ஜினை அணையுங்கள். பெட்ரோல் கசிகிறதா என்று பாருங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் தூக்கும் முன்பே சைடு ஸ்டாண்டைப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் நிமிர்த்திய வேகத்தில் அந்தப் பக்கம் போய்விடும். சக்கரம் உருளாமலிருக்க முதல் கியரில் வையுங்கள். ஹேண்டிலை விழுந்த பக்கம் முழுசாகத் திருப்புங்கள். சீட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையால் கீழே உள்ள ஹேண்டில் பிடியையும் மறு கையால் பின்பக்கக் கம்பியையும் பிடித்து, முதுகை நேராக வைத்து, குட்டிக் குட்டி அடியாகப் பின்னால் நடங்கள். தூக்குவது தொடைதான், இடுப்பு அல்ல. நிமிர்ந்ததும் பிரேக் லீவர், கிளட்ச் லீவர், கியர் லீவர் மூன்றும் வளையாமல் வேலை செய்கின்றனவா, ஹேண்டில் இரு பக்கமும் தடையின்றித் திரும்புகிறதா என்று பாருங்கள். சில நிமிடம் விட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.